செட்டை இருந்தால் போதுமா, ஐயா?

தீவகக் கரையோரத்துக்குப் பொறுப்பான உயரதிகாரி அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

நேரில் தந்த மனுக்களும் பதிவுத் தபாலில் அனுப்பியவையும் உங்கள் மேசையில்தான் கிடக்கின்றன. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மண்டைதீவுப் பக்கத்துச் சேற்றுத் தரவையில் கடந்த ஐப்பசியில் நடந்ததை மட்டும் இப்போது ஊரறிய எழுதுகிறேன்.

சோளகம் ஓய்ந்து வாடை எழும்புவதற்கு இடைப்பட்ட வாரங்களில், விடியப்புறமாக மாணவர்களைப் பண்ணைப் பாலத்தால் அங்கே கூட்டிப் போவது என் வழக்கம். யாழ் நகரத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். பரவைக்கடல் அங்கே கணுக்காலளவுதான். ஈரச் சேற்றின் விளிம்பில் கொசு உள்ளான் ஓடியோடிக் கொத்தும். கொஞ்சம் உள்ளே வளைமூக்கு உள்ளான். அதற்கப்பால் கருவால் மூக்கான் முகம் நனைய அலகை இறக்கித் துழாவும். இன்னும் ஆழத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டும். அலகுக்கும் காலுக்கும் ஏற்றபடி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழம். ஒன்றின் வயிற்றில் மற்றது அடிக்காமல் இத்தனை இனமும் ஒரே தரவையில் பசியாறுவதைப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகத்தாலும் என்னால் காட்ட முடியாது.

கொசு உள்ளான் 30 கிராம் தேறுவதே பெரிது. வடதுருவத்தை ஒட்டிய வெறுநிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆசியாவைக் குறுக்கே கடந்து வருகிறது. உடம்பில் சேர்த்த கொழுப்பை வழியிலேயே எரித்துவிட்டு, எலும்பும் இறகுமாக வந்து இறங்குகிறது. வந்த முதல் வாரங்களில் தின்பதுதான் அதன் உயிர். இந்த நெடும்பயணம் வாத்தியார் சொல்லும் கதையல்ல. மன்னாரில் ஜி.பி.எஸ். கருவி பூட்டிப் பறக்கவிட்ட கடற்காகம் ஒன்று 2021இல் ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரைபடத்தில் தொடர்ந்து பார்த்தார்கள்.

இப்படிப் பறவைகள் வந்து இறங்கிய அதே வாரத்தில்தான் உழவு இயந்திரங்களும் அங்கே இறங்கின. யாருடையவை என்பதை நீங்கள் அறிவீர்கள். முதலில் கிரவல் கொட்டித் தரவைக்குக் குறுக்கே ஒரு பாதை போட்டார்கள். பிறகு அந்தப் பாதையின் முடிவில் குப்பை. உடைந்த சீற்றுகள், சீமெந்துப் பைகள், இளநீர்க் கோம்பைகள், அறுந்த தங்கூசி வலைகள். பாதை அணையாகிவிட்டது. காற்றோடு ஏறியும் இறங்கியும் சேற்றை நனைத்து வைத்த தண்ணீர் அதற்கப்பால் போகவில்லை. சில நாட்களில் உட்பக்கம் காய்ந்து உப்புப் பூத்தது. காலால் கிளறிப் பார்த்தோம், ஒரு புழு இல்லை.

அந்தக் குவியலின் ஓரத்தில் ஓர் உப்புக்கொத்தி செட்டையடித்துக்கொண்டு கிடந்தது. தங்கூசி இரண்டு காலையும் சேர்த்து இறுக்கியிருந்தது. என் மாணவி ஒருத்தி அதை மடியில் வைத்து, பென்சில் சீவும் பிளேட்டால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தாள். ஒரு பாதம் கறுத்துச் செத்துப்போயிருந்தது. பறவை மற்றக் காலால் இரண்டு எட்டு தத்தி விழுந்தது. மத்தியானத்துக்குள் செத்தும்போனது.

அந்தப் பிள்ளைகளை உங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தேன். படங்களைக் காட்டினோம். நீங்கள் சொன்ன பதிலை அவர்கள் இன்னும் மறக்கவில்லை: “பறவையளுக்குச் செட்டை இருக்குத்தானே மாஸ்டர், வேற இடம் பாத்துப் போகும்.”

எங்கே போகும்? இலங்கைக்குத் தெற்கே அண்டார்ட்டிக்கா வரை பெருநிலம் இல்லை. வழியின் கடைசியில் இருப்பது நாம்தான். அடுத்த தரவையில் இடமிருந்தால் அங்கே ஏற்கெனவே வேறு பறவைகள் மேய்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து களைத்து வந்ததை மறுபடி கிளப்பிவிடுவது அதைப் பட்டினி போடுவதுதான். வேறு இடம் பார் என்ற சொல் இந்தத் தீவுகளுக்குப் புதிதும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் இங்குள்ள சனம் வீட்டையும் கிணற்றையும் கோயிலையும் விட்டு ஓடியது. திரும்பி வந்தவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களை. போக வேறு இடம் இருந்தால் போதும் என்று அவர்களிடம் சொல்ல உங்களுக்கு வாய் வருமா? அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல எப்படி மனம் வந்தது?

அந்த வேலி இல்லாத சேற்று நிலத்தை வெறும் தரிசு என்று நினைக்கிறீர்கள். இறால் குஞ்சும் மீன்குஞ்சும் வளர்வது அங்கேதான். களங்கட்டி வலைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆவணி முடிவதற்குள் அந்தக் கிரவல் அணையை வெட்டித் தண்ணீரை விடுங்கள். குப்பையை அள்ளுங்கள். அதற்கு வேறு இடம் பார்ப்பது உங்கள் கடமை, பறவையின் கடமை அல்ல. நேரமிருந்தால் ஒருநாள் விடிய வாருங்கள், தொலைநோக்கி நான் தருகிறேன். வரமுடியாவிட்டாலும் ஒரு பதிலாவது எழுதுங்கள். எனக்கு வேண்டாம். உங்கள் வாசலிலிருந்து தலைகுனிந்து திரும்பிய பிள்ளைகளுக்கு எழுதுங்கள். பாடசாலை முகவரி முதல் மனுவிலேயே இருக்கிறது.

இங்ஙனம்,
ஒரு விஞ்ஞான ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.