வாங்குபவரும் சுகி, விற்பவரும் சுகி



பிலிப்பைன்ஸ் நாட்டில் தெருவுக்குத் தெரு வீட்டுச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. 'காரிந்தேரியா' என்று பெயர். நம் 'கறி' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்று கூறுவோரும் உண்டு. 1762-ல் சென்னையிலிருந்து கப்பலேறிய ஆங்கிலேயர் படை மணிலாவைப் பிடித்தது. 1764-ல் அந்தப் படை திரும்பியபோது இந்தியச் சிப்பாய்கள் சிலர் மணிலாவுக்கு அருகில் கைந்தா என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். ஆகவே அந்தக் கடைகளின் கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல.

அங்கே சமைத்த பதார்த்தங்களைப் பாத்திரங்களில் வரிசையாக வைத்திருப்பார்கள். வருகிறவர் விரலால் சுட்டிக் காட்டினால் போதும். அதனால் இக்கடைக்கு 'டூரோ-டூரோ', அதாவது 'காட்டு காட்டு' என்று இன்னொரு பெயர். பார்சல் என்றால் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிந்து கொடுப்பார்கள். சோற்றை வீட்டில் வடித்துக்கொண்டு குழம்பை மட்டும் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. காசு குறைவாக இருந்தால் பாதி அளவும் வாங்கலாம்.

என்ன சமைக்கிறார்கள்? காடி, சோயா சாறு, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை சேர்த்த இறைச்சி 'அடோபோ'. புளி கரைத்த ரசம் போன்றது 'சினிகாங்'. வேர்க்கடலை அரைத்து ஊற்றிய குழம்பு 'கரே-கரே'. இத்தனைக்கும் அரிசி, எண்ணெய், வெங்காயம் வேண்டும். வணிகன் கண்ணால் பார்த்தால் இது சாப்பாட்டுக் கடை மட்டுமல்ல, மளிகைக் கடையின் அன்றாடக் கொள்முதல்காரர்.

அந்நாட்டில் 'டிங்கி' என்றொரு வழக்கம் உண்டு. எதையும் உதிரியாக, வேண்டிய அளவு மட்டும் விற்பது. 'சாரி-சாரி' என்ற பெட்டிக்கடைகள் பத்து லட்சத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. அவை வாழ்வதே இந்தச் சில்லறையால்தான். தினக்கூலிக்காரருக்குத் தினச்சரக்கு என்பதே கணக்கு.

இன்னொரு சொல்லும் உண்டு: 'சுகி'. வழக்கமாக வாங்குபவரும் சுகி, வழக்கமாக விற்பவரும் சுகி. நாம் வாடிக்கையாளர் என்று ஒரு பக்கத்தை மட்டும் குறிக்கிறோம். அவர்கள் இரு பக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். கடமையும் இரு பக்கத்துக்கும் உண்டு என்றே நான் பொருள் கொள்கிறேன்.

அந்தச் சொல்லுக்குச் சோதனை 2022 டிசம்பரில் வந்தது. வெங்காயம் கிலோ 700 பெசோவைத் தொட்டது. கோழிக்கறி, மாட்டுக்கறி விலையையே அது தாண்டிவிட்டது. பாதி அளவு வாங்கிப் பழகியவரிடம் சாப்பாட்டுக் கடைக்காரர் எவ்வளவு விலை ஏற்ற முடியும்? வெங்காயத்தைக் குறைத்தால் ருசி போயிற்று. விலையை ஏற்றினால் ஆள் போயிற்று.

விளைச்சல் குறைவு, இறக்குமதி தாமதம் என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. பதுக்கல் என்ற குற்றச்சாட்டும் எழுந்து, 2023-ல் நாடாளுமன்றக் கீழ்ச்சபை விசாரணை நடத்தியது. அந்த ஜனவரியிலேயே அரசு சுமார் 21,000 டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது. உள்ளூர் அறுவடை வரும் நேரத்தில் வெளிச்சரக்கு வந்து இறங்கினால் விவசாயிக்கு விலை எப்படி நிற்கும்?

நான் மொத்த வியாபாரி. அறுவடையில் வாங்கி இருப்பு வைப்பது நம் தொழில், அதில் குற்றமில்லை. மழையிலும் பஞ்சத்திலும் ஊருக்குச் சரக்கு கிடைப்பது நம் கிடங்கினால்தான். ஆனால் தட்டுப்பாடு வந்த பிறகும் கதவைச் சாத்திக்கொண்டு 'இன்னும் ஏறட்டும்' என்று உட்கார்ந்திருப்பது வேறு. அது நுனிக்கொம்பில் இருந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டுவது. முதலில் விழுவது சாப்பாட்டுக் கடை. அதன் பின் அதற்குச் சரக்குப் போட்ட மளிகைக்காரர். அவருடைய பாக்கி நம் பேரேட்டில் அப்படியே நிற்கும். ஒருவர் செய்ததற்கு வணிகர் அனைவருக்கும் சோதனையும் கெட்ட பெயரும் வந்து சேரும்.

"வியாபாரி லாபம் பார்க்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். பார்க்க வேண்டும். ஒரு மாதத்து லாபத்தையா, பத்து வருடத்து லாபத்தையா என்பதே கேள்வி.

நம் ஊரிலும் மெஸ், இட்லிக்கடை, பார்சல் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்கள் நம்மை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். விலை ஏறும் என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். மூட்டை வாங்க வழியில்லாதவருக்கு ஐந்து கிலோவானாலும் முகம் சுளிக்காமல், எடை குறையாமல் கொடுங்கள். கடன் கொடுங்கள், ஆனால் பழைய பாக்கி தீர்ந்த பிறகே அடுத்த சரக்கு என்ற ஒழுங்கும் இருக்கட்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் இருக்கிற சரக்கைப் பழைய வாடிக்கைக்கு முதலில் பங்கிடுங்கள்.

அவர்கள் அடுப்பு எரிந்தால்தான் நம் தராசு ஆடும்.