பரம்பரை நரம்பு நோய்க்கு மஞ்சள் மருந்தாகுமா?

கேள்வி: என் கணவருக்கும் மகனுக்கும் பாதம் மெலிந்து நடை தளர்ந்துவிட்டது. பரம்பரையாக வரும் ‘சார்கோ-மேரி-டூத்’ நரம்பு நோய் என்கிறார் டாக்டர். மஞ்சள் சத்து மாத்திரை இதைக் குணமாக்குமா? மகளுக்கும் நோய் வருமா?
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: 1886-ல் இந்நோயை விவரித்த மூன்று டாக்டர்களின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. சுமார் 2,500 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்புக்கும் உறை உண்டு. பரவலாகக் காணப்படும் வகையில், மரபணுக் கோளாறால் அந்த உறை கெடுகிறது. நரம்பு வழியே செய்தி சரிவரப் போகாததால் பாதமும் கையும் மெலிகின்றன.

மஞ்சளில் உள்ள குர்குமினை, இதுபோன்ற நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது நடை தேறியது உண்மை. ஆனால் எலிக்குத் தேறியது மனிதருக்கும் தேறும் என்று சொல்ல முடியாது. நெல்லிக்காயில் நிறைந்துள்ள வைட்டமின் சி-யும் 2004-ல் பிரான்சில் எலிகளுக்குப் பலன் தந்தது. பிறகு இத்தாலியிலும் பிரிட்டனிலும் நோயாளிகள் 271 பேரை வைத்துச் சோதித்தார்கள். தினமும் 1.5 கிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் சாப்பிட்டும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை.

குர்குமின் உடலில் மிகக் குறைவாகவே சேரும். சேர்வதற்காக வீரியம் கூட்டிய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளால் பயமில்லை. மாத்திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

செடியிலிருந்து வருவதெல்லாம் தீங்கற்றது என்றும் எண்ணக்கூடாது. தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், ரத்தப் புற்றுநோய்க்கு நல்ல மருந்து. அதே மருந்து இந்நோய் உள்ளவர்களின் நரம்பைக் கடுமையாகக் கெடுத்துவிடும். குடும்பத்தில் யாருக்குப் புற்றுநோய் சிகிச்சை என்றாலும் இந்த நோய் விவரத்தை டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

பரவலான வகையாக இருந்தால், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. மகளை நரம்பியல் டாக்டரிடம் காட்டி, மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேட்கலாம்.

பிசியோதெரபி பயிற்சியும், கணுக்காலைத் தாங்கும் பட்டையும் நடைக்கு உதவும். பாதத்தில் உணர்ச்சி குறைவதால் முள் குத்தினாலும் தெரியாது. வயலுக்குச் செருப்பில்லாமல் போகக்கூடாது. தினமும் இரவில் பாதத்தைக் கழுவி, காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.