பாகற்காய் தீவும் கழுத்துப் பலகையும்

ஜப்பான்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? புல்லட் ரயில், ஃபியூஜி மலை, பனி, சுஷி... எல்லாம் கரெக்ட்தான். ஆனா இந்த வாரம் நாம போகப்போற ஊர்ல புல்லட் ரயிலும் இல்ல, பனியும் இல்ல. அங்கே ஃபேமஸ் ஐட்டம் எது தெரியுமா? பாகற்காய்! டோஃபு, முட்டை எல்லாம் போட்டு வதக்கி, 'கோயா சாம்புரு'ன்னு பேரு வெச்சு ரசிச்சுச் சாப்பிடறாங்க. மெஸ்ல பாகற்காயைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைக்கிற மக்களே, கொஞ்சம் கவனிங்க!

ஊர் பேரு ஒக்கினாவா. ஜப்பானின் 47 மாகாணங்களில் தெற்குக் கோடியில் இருக்கும் தீவுக் கூட்டம். சுமார் 14 லட்சம் பேர் வாழ்கிறார்கள். இதன் தலைநகர் நாஹாவில் இருந்து டோக்கியோவுக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல். தைவான் தலைநகர் தைபேவுக்கோ அதில் பாதிகூட இல்லை. கராத்தே பிறந்த மண்ணும் இதுதான். பாம்புத் தோல் போர்த்திய 'சன்ஷின்'னு ஒரு மூன்று தந்தி வாத்தியம் இருக்கு. கல்யாணமோ திருவிழாவோ, அது இல்லாம அங்கே களை கட்டாது.

ஒக்கினாவா ஒரு காலத்தில் தனி நாடு பாஸ்! 1429-ல் ஷோ ஹாஷி என்ற மன்னர் மூன்று சிற்றரசுகளை ஒன்றாக்கி ரியூக்யூ ராஜ்ஜியத்தை நிறுவினார். சீனா, கொரியா, மலாக்கா வரை கப்பல் விட்டு வியாபாரம் பண்ணி செழித்த நாடு. 1609-ல் ஜப்பானின் சத்சுமா பிரபுக்கள் படையெடுத்து வந்து அதைக் கட்டுக்குள் கொண்டு வந்தார்கள். 1879-ல் டோக்கியோ அரசு ராஜ்ஜியத்தையே கலைத்து, 'இனி இது ஒரு மாகாணம்' என்று அறிவித்துவிட்டது.

அடுத்து கை வைத்தது மொழி மேல! ஒக்கினாவா மொழி ஜப்பானியத்துக்கு உறவுதான். ஆனா டோக்கியோக்காரருக்கு அது புரியாது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் பேசி மாட்டிக்கிட்டா, கழுத்துல ஒரு மரப்பலகையைத் தொங்க விடுவாங்க. பேரு 'ஹோகென் ஃபுதா'. அதைக் கழற்ற ஒரே வழி, தாய்மொழி பேசுற இன்னொருத்தனைப் பிடிச்சு அவன் கழுத்துல மாட்டணும். நண்பனையே வேவு பார்க்க வைக்கிற பலகை! எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?

1945-ல் இது உயிர் விஷயமாகவே ஆகிப்போச்சு. ஏப்ரல் 1-ம் தேதி அமெரிக்கப் படைகள் ஒக்கினாவாவின் முக்கியத் தீவில் இறங்கின. 'ஒக்கினாவா மொழியில் பேசுகிறவர்கள் ஒற்றர்களாகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படுவார்கள்' என்று ஜப்பானிய ராணுவமே உத்தரவு போட்டது. பாட்டி பேசின மொழியைப் பேசினா துரோகி!

அந்தப் போரில் நம்ம வயசுப் பொண்ணுங்களும் இருந்தாங்க. ரெண்டு பெண்கள் பள்ளிகளைச் சேர்ந்த 222 மாணவிகளையும் 18 ஆசிரியர்களையும் ராணுவ மருத்துவமனை வேலைக்கு அழைச்சுட்டுப் போனாங்க. 'ஹிமெயூரி' மாணவிகள்னு பேரு. அந்த ரெண்டு பள்ளிகளோட மேகஸின் பேருங்களைச் சேர்த்து உருவான பேரு அது! சிலருக்குப் பட்டமளிப்பு விழாவே குண்டுச் சத்தத்துக்கு நடுவுல, ராத்திரியில, மங்கலான வெளிச்சத்துல நடந்தது. ஜூன் 18-ம் தேதி, போர்க்களத்துக்கு மத்தியிலேயே 'இனி நீங்களே உங்களைப் பார்த்துக்கோங்க'ன்னு குழுவைக் கலைச்சுட்டாங்க. 240 பேரில் 136 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலானோர் அந்த உத்தரவுக்குப் பிறகு வந்த சில நாட்களில் இறந்தவர்கள்.

மொத்தப் போரில் பலியானோர் இரண்டு லட்சத்துக்கும் மேல். ஒக்கினாவா மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். மபூனி குன்றில் 1995-ல் அமைத்த நினைவுக் கற்களில் அவர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க வீரர்களின் பெயர்களும் அங்கே உண்டு. எதிரி, நண்பன்னு பிரிக்கவே இல்லை.

போர் முடிஞ்சும் நிம்மதி வரலை. 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சி. செலவுக்கு டாலர், ஜப்பானின் மற்ற பகுதிக்குப் போகணும்னா பயண ஆவணம்! சாலையில் வண்டியும் வலது பக்கம்தான். 1978 ஜூலை 30 அன்னிக்குத்தான் ஒரே நாளில் இடது பக்கம் மாத்தினாங்க. ஆனா ராணுவத் தளங்கள் மட்டும் போகலை. ஜப்பானின் நிலப்பரப்பில் ஒக்கினாவா வெறும் 0.6 சதவிகிதம். அமெரிக்கப் படைகள் மட்டுமே பயன்படுத்தும் தள நிலத்தில் சுமார் 70 சதவிகிதம் அங்கேதான் இருக்கு. 2019 பிப்ரவரியில், ஹெனோகோ கடலை மூடித் தளம் கட்டுவது பற்றி மாகாண வாக்கெடுப்பு நடந்தது. அதற்காகக் கையெழுத்து சேகரித்த இயக்கத்தை முன்நின்று நடத்தியவர் ஒரு முதுகலை மாணவர்! வாக்களித்தவர்களில் சுமார் 72 சதவிகிதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். அப்புறமும் வேலை நிற்கலை.

மொழி என்ன ஆச்சு? ரியூக்யூ தீவுகளின் ஆறு மொழிகளும் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2009-ல் யுனெஸ்கோ பட்டியல் போட்டது. தாத்தா பாட்டி பேசுறது பேரப் பிள்ளைகளுக்குப் புரியலை. அதனால 2006-ல் மாகாண அரசு செப்டம்பர் 18-ஐ 'ஷிமகுதுபா' தினம், அதாவது தீவு மொழி தினம்னு அறிவிச்சது. ஏன் அந்தத் தேதி? 'கு' ஒன்பது, 'து' பத்து, 'பா' எட்டு! ஒரு காலத்தில் கழுத்துல பலகை மாட்டின மொழிக்கு, இன்னிக்கு காலண்டரில் ஒரு நாள்.

அந்த மொழியில் ஒரு வாசகம் ரொம்ப பிரபலம்: 'நுச்சி டு தகரா'. உயிரே பெரிய செல்வம்னு அர்த்தம். ஒக்கினாவாக்காரங்க சொல்லும்போது அதுக்கு வெயிட் ஜாஸ்தி.

சரி ஃப்ரெண்ட்ஸ், உங்க பாட்டி பேசுற வார்த்தைகள்ல உங்களுக்கு அர்த்தம் தெரியாதது எத்தனை? இன்னிக்கே கேட்டு எழுதி வைங்க. அடுத்த வாரம் வேற ஊர்ல சந்திப்போம்!