பிடிக்காததும் ஆகாததும்



2017ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து நாட்டின் அதிபர் ஒரு பள்ளிக்கூடத்திற்குச் சென்றிருந்தார். பீட்சாவின் மேல் அன்னாசிப்பழம் வைக்கலாமா என்று மாணவர்கள் கேட்டபோது, தம்மால் முடிந்தால் அதைத் தடைசெய்துவிடுவதாக விளையாட்டாகச் சொல்லிவிட்டார். உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. பிறகு அவர் விளக்கம் தந்தார்: தமக்கு அன்னாசி பிடிக்கும், பீட்சாவின் மேல் வைத்தால்தான் பிடிக்காது, தமக்குப் பிடிக்காத ஒன்றைப் பிறர் உண்ணக்கூடாது என்று சட்டமியற்றும் அதிகாரம் தமக்கில்லை, இல்லாததே நல்லது. வேடிக்கையாகத் தொடங்கிய பேச்சு நல்ல இடத்தில் போய் முடிந்தது என்றே நாம் கருதுகிறோம்.

பீட்சாவைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இப்படி முடிவதில்லை. அதன் தாயகமான இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 'உண்மையான' பீட்சாவைக் காப்பதற்கென்றே 1984இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். மாவில் என்ன சேரலாம், அப்பம் எத்தனை அகலம் இருக்கலாம், விறகடுப்பில் எத்தனை விநாடி வேகலாம் என்பதற்கெல்லாம் அங்கே விதியுண்டு. இத்தனைக்கும் அந்தப் பீட்சாவின் உயிரான தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து இத்தாலிக்கு வந்த விருந்தாளிதான்! அந்த விருந்தாளி வீட்டுக்காரராகி, இன்று அடுத்து வருபவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்.

சிகாகோ நகரத்தார் 1940களில் ஆழமான தட்டில் மாவைப் பரப்பி, பாலாடைக்கட்டியைக் கீழேயும் தக்காளிச் சாற்றை மேலேயும் இட்டு, அரைமணி நேரத்திற்கு மேல் வேகவைக்கும் பீட்சாவைக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் வளர்ந்த அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி அந்தோனின் ஸ்காலியா, அது சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பீட்சா என்று அழைக்கக்கூடாது என்றார். செயின்ட் லூயிஸ் நகரில் ஈஸ்ட் சேர்க்காத மாவை அப்பளம்போல் மெலிதாக்கி, பல பாலாடைக்கட்டிகளைக் கலந்து செய்த 'ப்ரோவெல்' என்பதைத் தூவிச் சதுரம் சதுரமாக வெட்டுகிறார்கள். அந்த ஊரார் அதற்காக ஏங்குவார்கள். வெளியூரார் பலர் முகம் சுளிப்பார்கள். ஸ்வீடனிலோ வாழைப்பழத்தையும் கறிமசாலாத் தூளையும் சேர்த்தே பீட்சாவில் போடுகிறார்கள். அதே நாட்டில் கபாப் இறைச்சியைச் சீவிப் போட்ட பீட்சாவும் வீட்டுக்கு வீடு விருப்பமாகிவிட்டது. நம் நாட்டில் பனீர் டிக்காவைப் பீட்சாவில் ஏற்றியதைக் கண்டு நேப்பிள்ஸ்காரர் என்ன சொல்வாரோ!

இவற்றில் எது நல்லது என்று தீர்ப்பளிக்க நாம் வரவில்லை. ஆம்பூர் பிரியாணியா, திண்டுக்கல் பிரியாணியா என்ற வழக்கையே இன்னும் முடிக்காதவர்கள் நாம். இந்தச் சண்டைகளில் புழங்கும் சொற்கள்தாம் நம் கவனத்தை ஈர்க்கின்றன. 'உண்மை', 'போலி', 'குற்றம்', 'தடை' என எல்லாமே நீதிமன்றச் சொற்கள். பிடிக்கவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எவருக்கும் மனம் வருவதில்லை.

நம் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. பிள்ளைகள் ஆசையோடு வரவழைத்த புதுவகை உணவைப் பார்த்ததும், 'இதையெல்லாம் மனிதன் தின்பானா?' என்கிறோம். இன்னும் ஒருபடி மேலே போய், 'இதெல்லாம் ஹராமாகத்தான் இருக்கும்' என்று விசாரிக்காமலே சொல்லிவிடுகிறோம். மார்க்கத்தின் கனமான ஒரு சொல்லை நம் நாவின் சோம்பலுக்குத் துணையாக அழைக்கிறோம். ஆகும், ஆகாது என்று நாவின் போக்கில் தீர்ப்பெழுதுவதை அன்-நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் கடுமையாகக் கண்டிப்பதை நாம் அறியாதவர்களா?

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நபி (ஸல்) அவர்களுக்குமுன் பொரித்த உடும்பு வைக்கப்படுகிறது. நஜ்துப் பகுதியிலிருந்து வந்த உணவு அது. நபியவர்கள் கையை நீட்டுகிறார்கள். அது உடும்பு என்று சொல்லப்பட்டதும் கையை எடுத்துக்கொள்கிறார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா என்று கேட்கிறார்கள். இல்லை, இது தம் சமூகத்தாரின் பகுதியில் இருந்ததில்லை, ஆகவே தம் மனம் ஒப்பவில்லை என்பது நபியவர்களின் பதிலாக இருந்தது. காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடும்பைப் பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் இங்கே போகவில்லை. அந்த ஸுஃப்ராவில் நடந்ததை மட்டும் மீண்டும் பார்ப்போம். சட்டம் இயற்றும் தகுதி பெற்ற தூதரே தம் விருப்பமின்மையைச் சட்டமாக்கவில்லை. ஊர்ப் பழக்கம்தான் காரணம் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். சமைத்தவரையும் கொண்டுவந்தவரையும் உண்பவரையும் ஒரு சொல்லாலும் புண்படுத்தவில்லை. இந்தப் பக்கம், காலித் (ரலி) அவர்கள் ஒரு வாயாவது உண்ணுங்கள் என்று வற்புறுத்தியதாகவும் அறிவிப்பில் இல்லை. பிள்ளைகளின் வாயில் கட்டாயமாகத் திணிக்கும் பெற்றோரும், 'நீங்கள் பழைய காலத்து ஆள்' என்று பெரியோரைக் கேலி செய்யும் பிள்ளைகளும் இந்தப் பக்கத்தையும் கவனிக்க வேண்டும்.

நாம் உண்மையிலேயே அஞ்சுவது இனிமேல் சொல்லப்போவதற்குத்தான். பிடிக்காததையெல்லாம் ஹராம் என்று கேட்டுக்கேட்டு வளரும் பிள்ளைக்கு, அந்தச் சொல்லின் மீது மதிப்பு போய்விடுகிறது. வாப்பா அன்னாசியையும் ஹராம் என்றார், பன்றியையும் ஹராம் என்கிறார் என்றால், கல்லூரி விடுதியில் நண்பர்களோடு அமர்ந்திருக்கும்போது அந்தப் பிள்ளை இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தானே எடைபோடும்?

'ஹவாய் பீட்சா'வையே எடுத்துக்கொள்வோம். அது ஹவாயில் பிறந்ததன்று. 1962இல் கனடாவின் சாத்தம் என்னும் சிற்றூரில், கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய சாம் பனோபுலோஸ் என்ற உணவகக்காரர் டப்பாவில் அடைத்த அன்னாசித் துண்டுகளைப் பீட்சாவின் மேல் போட்டுப் பார்த்தார். அறுபது ஆண்டுகளாக உலகம் அந்த அன்னாசியைப் பற்றியே வாதாடுகிறது. அதன் பக்கத்திலேயே ஹாம் எனப்படும் பன்றித்தொடை இறைச்சி வழக்கமாக இருக்கிறதே, அதைப் பற்றி அந்த வாதத்தில் பேச்சே இல்லை. உலகத்தாருக்கு அது கேள்வியாகத் தோன்றாமல் இருக்கலாம். நமக்குக் கேள்வியே அதுதான். அமெரிக்காவில் பெப்பரோனி என்ற பெயரில் வருவதும் பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்ததே. மேலிருந்து துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு மீதியை உண்பதால் காரியம் முடிவதில்லை. அதன் கொழுப்பு உருகிப் பாலாடைக்கட்டிக்குள் இறங்கியிருக்கும்.

பாலாடைக்கட்டியிலும் விசாரிக்க வேண்டியது உண்டு. பாலை உறையவைக்க நுண்ணுயிரிலிருந்து பெறும் பொருளும் பயன்படுகிறது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டும் பயன்படுகிறது. இத்தாலியின் பார்மிஜானோ இந்த இரண்டாம் வகை. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ரென்னெட்டை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தூய்மையானதெனக் கொண்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அது அசுத்தம். தமிழ் முஸ்லிம்களில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். ஒரே வீட்டில் மாமியார் ஒரு மத்ஹபும் மருமகள் ஒரு மத்ஹபுமாக இருப்பதும் உண்டு. இங்கே மாறுபட்டுப் பேசுவதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதற்கும் இடமிருக்கிறது.

ஆகவே கடையில் நிற்கும்போது முதலில் இறைச்சி எது, அறுத்தது யார் என்று கேட்போம். பாலாடைக்கட்டியின் உறையைக் காட்டச் சொல்வோம். பன்றியிறைச்சியும் விற்கும் கடையானால், வெட்டும் சக்கரமும் தட்டும் தனியாக இருக்கின்றனவா என்று பார்ப்போம். அருகில் பிள்ளையும் நின்று கேட்கட்டும். அன்னாசி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு அவர்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்வார்கள். பாதிக்குப் பாதி போட்டுத் தரவும் பல கடைகள் தயங்குவதில்லை.