கம்பி வாங்கும்போது கேட்காதது

2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கத்து விடுதியில் சாப்பிட்ட 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், ஆலை மூடியது, ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. நாமும் பொங்கினோம். பொங்குவதற்குச் சுலபமான விஷயம்தான்: லாபம் அமெரிக்காவுக்கு, வயிற்றுவலி நம் பெண்களுக்கு.

பூந்தமல்லி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி. அங்கே பழைய இரும்பை உருக்கி முறுக்குக் கம்பி ஆக்குகிறார்கள். வாங்குவது நாம். கேள்வி கேட்க வெளிநாட்டுக் கம்பெனி எதுவும் வரப்போவதில்லை. கேட்டிருக்க வேண்டியது நாம்தான். டன் என்ன விலை, துரு ஏறுமா என்று கேட்டதோடு சரி. ஈரமான பழைய இரும்போ மூடிய சிலிண்டரோ உலைக்குள் விழுந்தால் உள்ளிருக்கும் நீர் நொடியில் ஆவியாகி, 1,600 டிகிரிக் குழம்பை ஆள் மேல் வீசியடிக்கும். பிரித்துப் பார்த்துப் போட ஆளும் நேரமும் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். விலையை அடித்துக் குறைத்தபோது எந்தச் செலவு குறைந்தது என்று நாம் யோசிக்கவில்லை.

மிகைநேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. நாமோ, உலையில் நிற்கும் வெளிமாநிலத்தவரைப் பற்றி "அவங்க ஊர்ல இதுகூடக் கிடைக்காதுங்க" என்று டீக்கடையிலேயே வழக்கை முடித்துவிட்டோம். 2013இல் டாக்காவருகே ரானா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டபோது, மலிவுச் சட்டை உடுத்தும் ஐரோப்பியர்களைத் திட்டியவர்களும் நாமேதான்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில், அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 வெளிமாநிலத் தொழிலாளர்கள் செத்தார்கள். கரூர் நெரிசல் நடந்து மூன்றே நாள். கரூரில் போனவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்து அழுதோம். எண்ணூரில் ஒன்பது என்ற எண்ணோடு நிறுத்திக்கொண்டோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி ரூம் கட்டி வாடகைக்கு விட்டவர்களுக்கோ, தொழிலாளர்களைத் தெரியாது என்ற சாக்கும் கிடையாது. ஒரு ரூமில் எத்தனை பேர் என்பது அவர்களுக்குத் தெரியும், வாடகை தலைக்கு இவ்வளவு என்பதால். லேபர் கான்ட்ராக்டரையும் தெரியும், அட்வான்ஸ் கொடுத்ததே அவர்தான். பி.எஃப். பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்பது மட்டும் தெரியாது. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் ஆலை நிர்வாகமே தர வேண்டும் என்றது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். அதைத் தொழிலாளியிடம் சொல்ல அரைகுறை இந்தி போதும். வாடகை கேட்கும்போது அந்த இந்தி வரத்தானே செய்தது.