வயலில் இறங்கும் முன்

 

கட்டாரில் எட்டு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய கிண்ணியாத் தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார். "மௌலவி! தம்பலகாமத்தில் வாப்பா விட்டுச்சென்ற உறுதிக் காணி மூன்று ஏக்கர் இருக்கிறது. வரும் பெரும்போகத்தில் நானே வயல் செய்யப்போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?" என்றார்.

"வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். உம்மாவும் தங்கைமார் இருவரும் என்றார்.

கடனும் வஸிய்யத்தும் போக, அந்தக் காணியை 32 பங்காக்கினால் உம்மாவுக்கு 4, தம்பிக்கு 14, தங்கைமாருக்குத் தலைக்கு 7. மூன்று ஏக்கரில் அவருடையது ஒன்றேகால் ஏக்கரைச் சற்றே தாண்டும்.

"தங்கைமாருக்கு வீடு கட்டிக் கொடுத்தாயிற்றே!" என்றார். நம் பகுதியில் எல்லோரும் சொல்வதுதான். வாப்பா உயிரோடிருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. அவர் மௌத்தானபின் வருவது வாரிசுரிமை. ஒன்று மற்றதை அழிக்காது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டமும் பெண்ணின் பங்கைக் காக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் உண்டு. எங்கள் வாப்பா மௌத்தானபின் நானும் காக்காவும் ஆறு போகம் ராத்தாவிடம் ஒரு சொல் கேளாமல் வயல் செய்தோம். நானோ அரபுக் கல்லூரியில் ஃபராயிழ் ஓதியவன்! மச்சான் நோயில் விழுந்தபோதுதான், அறுப்பில் தனக்கு ஏதும் உண்டா என்று ராத்தா பிள்ளையை அனுப்பிக் கேட்டார். அன்று கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். பணம் தீர்ந்தது, அந்த வெட்கம் தீரவில்லை.

வயலைத் துண்டாட வேண்டியதில்லை, வாசகர்களே! பங்குகளை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, மற்றவர்களின் பங்குக்குப் போகத்துக்கு இவ்வளவு குத்தகை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியானால் அதன் விதிகள் வேறு. பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் கமநல சேவை நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள். கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் வயலில் நினைத்த நாளில் விதைக்க முடியாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளைக் கேட்டு, அதற்கேற்ப மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்று தீர்மானியுங்கள். விதைநெல் ஏக்கருக்கு இரண்டு புசல் போதும். முதற் போகத்தில் ஒரு ஏக்கருக்குமேல் வேண்டாம். மிகுதியை அனுபவமுள்ளவருக்குக் குத்தகைக்கு விட்டு, அவர் செய்வதைப் பார்த்துப் பழகுங்கள். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது, கடன்பட்டு விதைத்தவர்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம்.

விதைத்ததில் பறவை தின்றாலும் அது ஸதகா என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். பறவைக்குக்கூடப் பங்குள்ள வயலில், கூடப்பிறந்தவளுக்குப் பங்கில்லாமல் போகலாமா?

தம்பி எழுந்து, "தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று புறப்பட்டார். வயலுக்குப் போகும் வழி அதுதான்.