வைத்திருப்பவரைக் கேளுங்கள்

வாங்கிய பொருளில் குறை கண்டால், நம்மில் பெரும்பாலோர் விற்றவரிடம் சென்று இரைந்துவிட்டு வீடு திரும்புவோம். அமெரிக்காவில் ஒருவர் அத்துடன் நிற்கவில்லை. ஓஹையோ மாகாணத்து வாரன் நகரில் மின்சார விளக்குகள் செய்து வந்த ஜேம்ஸ் வார்டு பாக்கார்டு, 1898-ல் விண்ட்டன் கம்பெனியாரின் மோட்டார் வண்டி ஒன்றை வாங்கினார். வண்டி அடிக்கடி தகராறு செய்தது. யந்திர சாஸ்திரம் கற்றவராதலால், இன்னின்ன திருத்தங்கள் செய்யலாம் என்று முதலாளி விண்ட்டனிடமே போய்ச் சொன்னார். அவ்வளவு தெரிந்தவர் தாமே ஒரு வண்டி செய்துகொள்ளலாமே என்று விண்ட்டன் பதிலளித்ததாகக் கதை வழங்குகிறது.

பாக்கார்டு செய்தே விட்டார்! 1899 நவம்பர் 6-ந் தேதி அவருடைய முதல் வண்டி வாரன் வீதிகளில் ஓடிற்று.

சீக்கிரத்திலேயே, "வைத்திருப்பவரைக் கேளுங்கள்" என்பது கம்பெனியின் விளம்பர வாசகமாயிற்று. குறை சொல்லப் போன வாடிக்கைக்காரரால் உண்டான ஸ்தாபனத்துக்கு இதைவிடப் பொருத்தமான மந்திரம் ஏது?

1903-ல், ஹென்றி ஜாய் முதலிய தனவந்தர்களின் முதலீட்டினால் தொழிற்சாலை டெட்ராய்ட் நகருக்குப் பெயர்ந்தது. 1915-ல் பன்னிரண்டு ஸிலிண்டர் கொண்ட 'ட்வின் ஸிக்ஸ்' வெளிவந்தது. அமெரிக்க ஜனாதிபதிகளில் முதன் முதலாக மோட்டாரில் பதவியேற்கச் சென்றவர் ஹார்டிங்; 1921-ல் அவர் ஏறிச் சென்றது ஒரு பாக்கார்டு வண்டியே.

1929-க்குப் பின் வந்த பணமுடையில், பெரிய வண்டிகளை வாங்குவார் அருகினர். பாக்கார்டுக்குச் சமதையாயிருந்த பியர்ஸ் ஆரோ கம்பெனி 1938-ல் மூடப்பட்டது. பாக்கார்டு மட்டும் 1935-ல், ஏறக்குறைய 1,000 டாலர் விலையில் 'ஒன் ட்வென்ட்டி' என்ற வண்டியை வெளியிட்டது. 1937-ல், அதனினும் மலிவான வண்டியும் சேர்ந்து, ஒரு லட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. கம்பெனி பிழைத்தது.

ஆனால் பெயர்? ஜெனரல் மோட்டார்ஸார் மலிவு வண்டிக்கு ஷெவ்ரோலே என்று பெயரிட்டு, காடிலாக் என்ற பெயரைச் செல்வர்களுக்கென்றே காத்து வைத்தார்கள். பாக்கார்டில் முதலாளியின் வண்டிக்கும் குமாஸ்தாவின் வண்டிக்கும் ஒரே பெயர். இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின், வண்டி கிடைத்தால் போதும் என்று ஜனங்கள் காத்து நின்ற நல்ல காலத்திலும், கம்பெனியார் நடுத்தர விலை வண்டிகளையே பெரிதும் நம்பினார்கள். செல்வர்கள் காடிலாக்கை நாடினார்கள்.

1954-ல் ஸ்டூடிபேக்கர் கம்பெனியுடன் இணைப்பு ஏற்பட்டது. 1956-ல் டெட்ராய்ட் உற்பத்தி நின்றது. அதன் பிறகு வந்தவை பாக்கார்டு பெயர் தரித்த ஸ்டூடிபேக்கர் வண்டிகளே. 1958-ல் அதுவும் முடிந்தது.

ஆபத்துக் காலத்தில் குடும்ப நகையை அடகு வைப்பது குற்றமல்ல. அதனால்தான் பாக்கார்டு உயிர் பிழைத்தது. நல்ல காலம் வந்த பிறகும் மீட்காமல் விட்டதே பிழை. வைத்திருப்பவரைக் கேட்கச் சொன்ன கம்பெனி, அவரை ஒரு முறை தானும் கேட்டிருக்கலாம்.